43-இல் 17 போனால்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குத் திறனைச் சோதிக்கப் போகிறவர்களுக்கு

மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகும் ஒரு சிறுமியிடம் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினாள். அவளுக்கு அடுத்து வந்த பையனும் 35 என்றே எழுதினான். இருவருக்கும் தப்பு போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் ஒரே தப்பு விடை இரண்டு பேரிடம் எப்படி வந்தது என்று உறுத்தியது. மறுநாள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன்: "எப்படிக் கண்டுபிடிச்ச?"

சிறுமி சொன்னாள்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு." மேலே எது, கீழே எது என்று அவள் பார்க்கவில்லை. எப்போதும் பெரியதிலிருந்து சின்னதை எடுக்க வேண்டும் என்பது அவள் மனதில் பதிந்துபோன விதி.

பையன் சொன்னான்: "ரெண்டுல ஏழு போகாது சார். பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும். பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு." கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. கொடுத்த வீட்டில் ஒன்று குறைந்ததைத்தான் மறந்துவிட்டான்.

ஒருத்திக்குக் குச்சியும் கட்டும் வைத்து முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். இன்னொருவனுக்கு 4-ஐ அடித்து 3 என்று எழுதும் பழக்கம் வந்தால் போதும். என் தாளில் இரண்டும் ஒரே தப்பாகத்தான் இருந்தது.

இதில் என் கேள்வியின் குறையும் உண்டு. 7-இல் 2 போனாலும் 5, 12-இல் 7 போனாலும் 5. அதனால் இரண்டு வேறு தப்புகளும் ஒரே விடையில் போய் முடிந்தன. 43 − 17 என்று கேட்டிருந்தால் சிறுமிக்கு 34 வந்திருக்கும், பையனுக்கு 36 வந்திருக்கும். சரியான விடை 26. பின்னாலிருந்து எண்ணும்போது தொடங்கும் எண்ணையும் சேர்த்து எண்ணும் பிள்ளைக்கு 27 வரும். குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்ட பிள்ளைக்கு 60 வரும். ஒவ்வொரு தப்பும் தன் அடையாளத்தோடு வந்து நிற்கும். அன்றிலிருந்து 42 − 17-ஐ நான் கேட்பதில்லை.

புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர், மாலை நேர மையத்தில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர், தன் பிள்ளை கணக்கில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் அம்மா அப்பா, இவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதிப்பெண் போட இது உதவாது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்குக் கால் எடுத்து வைக்க எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும்.

கையில் என்ன வேண்டும்

ஐம்பது புளியங்கொட்டை. புதுத் துடைப்பத்திலிருந்து உருவி ஒரே அளவாக வெட்டிய ஈர்க்குச்சிகள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டது ஐந்தாறு கட்டு, உதிரியாக ஒரு இருபது. எண் எழுதிய அட்டைகள். கொஞ்சம் சில்லறையும் பத்து ரூபாய் நோட்டுகளும். வெள்ளைத் தாள், இரண்டு பென்சில். பிள்ளைக்கு ரப்பர் கொடுக்காதீர்கள். அழித்துவிட்டால் அது என்ன நினைத்தது என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். "தப்பா எழுதிட்டா ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல எழுது" என்று சொன்னால் போதும். சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உட்காரும் இடமும் முதல் பேச்சும்

எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். தரையிலோ பாயிலோ இருவரும் ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. பிள்ளையின் கை, விரல், உதடு மூன்றும் உங்கள் கண்ணில் பட வேண்டும். பாதிச் செய்தி அங்கேதான் இருக்கிறது.

மற்ற பிள்ளைகள் சூழ்ந்து நின்றால் சோதனை நடக்காது. யாராவது ஒருவன் விடையைக் கத்திவிடுவான். வீட்டுத் திண்ணையில் சோதிக்கும்போது அம்மாவோ பாட்டியோ கண்ணாலும் விரலாலும் விடை காட்டுவார்கள். அது பாசம், குறை சொல்ல முடியாது. "பதினஞ்சு நிமிஷம் பிள்ளைய என்கிட்ட விடுங்கக்கா, அப்புறம் உங்ககிட்டயே உட்கார்ந்து எல்லாம் சொல்றேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளையிடம் பரீட்சை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பேர், வீட்டில் யார் யார், இன்று என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். சாப்பிடாமல் வந்திருந்தால் அன்று சோதிக்க வேண்டாம். காய்ச்சல், தூக்கம், இப்போதுதான் அடி வாங்கிய முகம் என்றால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் இப்படிச் சொல்லுங்கள்: "கண்ணு, நீ எப்படி யோசிக்கிறன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும். சில கணக்கு ஈஸியா இருக்கும், சிலது கஷ்டமா இருக்கும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்."

பிள்ளை தாளை மூக்குக்கு மிக அருகில் பிடிக்கிறதா, நீங்கள் சொன்னதை இரண்டு முறை கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எங்கே தொடங்குவது

இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளை வீட்டுக்கே போய், ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பு 2005-இல் தொடங்கியது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு முன்னெடுத்தது. 5 முதல் 16 வயது வரை உள்ள எல்லோருக்கும் ஒரே எளிய தாள். அதன் வரிசை புதியவர்களுக்கு நல்ல பாடம். நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். கடன் வாங்கும் இரண்டிலக்கக் கழித்தல் இரண்டு. இரண்டும் சரியாக வந்தால் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்று. கழித்தல் வராவிட்டால் கீழே இறங்கி இரண்டிலக்க எண்களில் ஐந்தை வாசிக்கச் சொல்கிறார்கள். நான்கு சரியாக இருந்தால் பிள்ளை அந்தப் படியில் நிற்கிறது என்று பொருள். அதுவும் வராவிட்டால் 1 முதல் 9 வரை.

நடுவில் தொடங்கினால் தெரிந்த பிள்ளைக்கு நேரம் வீணாகாது. தெரியாத பிள்ளைக்கு ஒரு படி இறங்கியதும் கை வந்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களிடம் நானும் கழித்தலில்தான் தொடங்குகிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புளியங்கொட்டையில் தொடங்குங்கள்.

எந்த வகுப்பில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஒரு கணக்கு வேண்டுமென்றால், ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரை, இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9999 வரை எண்களை வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறது. எந்தப் பெயரில் பிரித்தாலும் பிள்ளை அந்த நிலையில் ஏன் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

கொட்டையைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள்

13 புளியங்கொட்டையைப் பாயில் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை பல. ஒரு கொட்டைக்கு ஒரு எண் சொல்கிறதா, விரல் முன்னால் ஓடி வாய் பின்தங்குகிறதா, எண்ணியதை ஒதுக்கி வைக்கிறதா, ஒன்றையே இரண்டு முறை தொடுகிறதா. எண்ணி முடித்ததும் "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஒன்று இரண்டு மூன்று என்பது அவர்களுக்கு இப்போதைக்கு ஒரு பாட்டு.

சரியாகச் சொன்ன பிள்ளையிடம் கொட்டைகளைக் கலைத்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல், "இப்போ எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள். எண்ணாமலே 13 என்றால் நல்லது. அப்புறம், "இதுல எட்டு மட்டும் எனக்குக் குடு." எடுத்துக் கொடுப்பது எண்ணிச் சொல்வதைவிடக் கடினம். எட்டில் நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். 20 வரை எண்ணத் தெரிந்த பிள்ளை கை நிறைய அள்ளிக் கொடுப்பதைப் பார்ப்பீர்கள்.

எண்ணை வாசிப்பதும் எழுதுவதும்

1-லிருந்து 100 வரை சொல்லச் சொல்லி நேரத்தைக் கடத்தாதீர்கள். 27-லிருந்து 33 வரை, 87-லிருந்து 93 வரை, பின்னோக்கி 23-லிருந்து 17 வரை, இந்த மூன்றும் போதும். தடுக்கும் இடமெல்லாம் பத்து மாறும் இடம்தான்.

தமிழ் எண் பெயர்கள் பிள்ளைக்குப் பெரிய உதவி. இருபத்து மூன்று என்றால் இருபது, அப்புறம் மூன்று. எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றுதான். ஆனால் ஒன்பதில் மட்டும் வண்டி குலுங்கும். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் வருவது தொண்ணூறு, அதற்குள்ளேயே நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், அதில் ஆயிரம் ஒலிக்கிறது. ஆனால் அது 900. அதனால் 90-களையும் 900-களையும் கட்டாயம் கேளுங்கள். மற்ற இடத்தில் ஓடுகிற பிள்ளை இங்கே மட்டும் தடுமாறினால் அது பெயரால் வந்த சிக்கல், எண் அறிவில் குறை கிடையாது.

எழுதச் சொல்லும்போது "நூற்று ஐந்து" என்று சொல்லிப் பாருங்கள். 1005 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். காதில் விழுந்த நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தை எழுதுகிறார்கள். அவர்கள் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், இடமதிப்புதான் இன்னும் வரவில்லை.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையிடம் இரண்டு மொழியிலும் கேளுங்கள். தேர்ட்டீனும் தேர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றுபோலவே விழும். ஃபோர்ட்டீன் என்னும்போது நாலுதான் முதலில் கேட்கிறது, அதனால் 41 என்று எழுதிவிடுகிறார்கள். பதினான்கு என்று சொன்னால் அதே பிள்ளை 14 என்று எழுதும். அப்படியானால் கோளாறு ஆங்கிலப் பெயரில் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் "எண்ணே தெரியவில்லை" என்று எழுதி வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அந்த 2 எத்தனை குச்சி?

எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரே ஒரு சோதனையைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். 24 ஈர்க்குச்சியை உதிரியாகக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 24 என்று எழுதும். இப்போது 4-ஐச் சுற்றி வட்டம் போட்டு, "இது எத்தனை குச்சி? எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். நான்கு குச்சி எடுக்கும். அடுத்து 2-ஐச் சுற்றி வட்டம் போட்டு அதையே கேளுங்கள்.

பல பிள்ளைகள் இரண்டு குச்சி எடுத்துக் காட்டுவார்கள். "அப்போ மிச்சம் இருக்கிற பதினெட்டுக் குச்சி?" என்று கேட்டால் குச்சிகளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டலில் மேலே 1 போடவும் கழித்தலில் கடன் வாங்கவும் தெரிந்த பிள்ளைகளிடம்கூட இதைப் பார்த்திருக்கிறேன். "ஒன்றுகள் 4, பத்துகள் 2" என்று வாய் மணக்கச் சொல்வார்கள். அந்தப் பத்துகள் 2 என்பது எதிரில் கிடக்கும் இருபது குச்சிதான் என்று மட்டும் தெரியாது.

இந்தச் சோதனையில் இரண்டு குச்சி காட்டிய பிள்ளைக்குக் கடன் வாங்கும் கணக்கை எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் அது மந்திரமாகத்தான் இருக்கும். முதலில் கட்டுகளைப் பிரிக்கவும் கட்டவும் வையுங்கள்.

கூட்டல், கழித்தல்

8 + 5 கேளுங்கள். விடையைவிட விரலைப் பாருங்கள். முதல் வகைப் பிள்ளை எட்டை எண்ணி, ஐந்தை எண்ணி, திரும்ப ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணும். பத்து விரல் போதாது, விரல் கணுக்களைத் தொடும், கால் விரலுக்கும் போகும். இரண்டாவது வகை, "மனசுல எட்டு, கையில அஞ்சு" என்று சொல்லி ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே போகும். மூன்றாவது வகை, 8-உடன் 2 சேர்த்துப் பத்தாக்கி மீதி 3-ஐச் சேர்க்கும், அல்லது நேராக 13 என்று சொல்லிவிடும். மூன்று பேருக்கும் விடை 13-தான், நிற்கும் படி மட்டும் வேறு வேறு. இரண்டாவது வகையைச் சரிபார்க்க 3 + 9 கேளுங்கள். மனதில் 3-ஐ வைத்து ஒன்பது விரலை மடக்குகிறதா, புரட்டிப் போட்டு 9-ஐ மனதில் வைக்கிறதா என்று பாருங்கள்.

விரலில் எண்ணுவதைத் தடுக்காதீர்கள். மேசைக்குக் கீழே ஒளித்து எண்ணும் பிள்ளையிடம் "மேல வச்சே எண்ணு, நல்லாத்தான் எண்ணுற" என்று சொன்னால் உங்களுக்கும் பார்க்கக் கிடைக்கும்.

கழித்தலுக்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை முதலிலேயே சொன்னேன். கடன் வாங்கும் கணக்கில் இரண்டு ஒன்றாம் இட இலக்கங்களுக்கும் நடுவே வித்தியாசம் 5 ஆக இருக்கக் கூடாது. அது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நீங்களே கணக்குகளை எழுதிக்கொள்ளலாம். பூஜ்யம் வரும் கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். 50 − 26 நல்ல கணக்கு. 24 என்றால் சரி. 36 என்றால் தலைகீழாகக் கழித்திருக்கிறது. 34 என்றால் கடன் வாங்கியதைக் குறைக்கவில்லை. 30 என்றால் பூஜ்யத்தில் ஒன்றும் போகாது, அது பூஜ்யமாகவே இருக்கும் என்று விட்டிருக்கிறது. ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இலேயே கழித்தலில் பிள்ளைகள் செய்யும் இப்படிப்பட்ட ஒழுங்கான தப்புகளைப் பட்டியல் போட்டார்கள். பிள்ளை கவனக்குறைவாகத் தப்பு செய்வதாக நாம் நினைக்கும் பல இடங்களில் அது ஒரு தப்பான விதியை மிகுந்த கவனத்தோடு பின்பற்றிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஒரு கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே வகையில் இரண்டு மூன்று கொடுத்து, அதே தப்பு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். திரும்ப வந்தால் விதி, ஒரு முறை மட்டும் வந்தால் கை தவறியது. கை தவறியது போலிருந்தால் ஏசர் முறையில் செய்வதுபோல் அதே கணக்கை இன்னொரு முறை போடச் சொல்லலாம்.

வாய்ப்பாடு, வகுத்தல்

வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது சோதனை ஆகாது. ஆறேழு எவ்வளவு என்று நடுவில் கேளுங்கள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்து நாற்பத்திரண்டில் இறங்கினால் பாட்டு தெரிகிறது. "ஐயேழு முப்பத்தஞ்சு, கூட ஒரு ஏழு" என்றால் பெருக்கலே தெரிகிறது. 4 × 3-ஐக் கொட்டையால் அடுக்கிக் காட்டச் சொன்னால் 4 கொட்டையையும் 3 கொட்டையையும் தனித்தனியாக வைக்கும் பிள்ளைகளும் உண்டு.

வகுத்தலுக்கு முன்னால் 17 கொட்டையை ஐந்து பேருக்குச் சமமாகப் பங்கு போடச் சொல்லுங்கள். மூன்று மூன்று போட்டு, மீதி இரண்டை என்ன செய்வது என்று உங்களைப் பார்த்தால் வகுத்தல் புரிந்திருக்கிறது, எழுதும் முறைதான் பாக்கி. எழுத்துக் கணக்கில் 624 ÷ 6 ஒன்று போதும். 14 என்று எழுதும் பிள்ளை ஈவில் பூஜ்யத்தை விட்டிருக்கிறது. "அறுநூறு ரூபாய ஆறு பேருக்குக் குடுத்தா ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். நூறு என்று உடனே சொல்லும், அப்புறம் தன் 14-ஐத் தானே சந்தேகத்தோடு பார்க்கும்.

வாக்கியக் கணக்கு

இங்கே தப்பு வந்தால் கணக்கில்தான் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977-இல் எழுதி வைத்த வழி எளிமையானது: வாசிப்பு, பொருள் புரிதல், கணக்காக மாற்றுதல், போடுதல், விடை எழுதுதல் என்று ஐந்து படியாகப் பிரித்துக் கேட்பது. நம் பேச்சில் அது இப்படி வரும். "கணக்க வாசிச்சுக் காட்டு." "என்ன கேக்குறாங்க, உன் வார்த்தையில சொல்லு." "எப்படிப் போடப் போற?" "சொல்லிக்கிட்டே போடு." "இப்போ விடைய எழுது, எதுக்கான விடைன்னும் சொல்லு." எந்தக் கேள்வியில் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. முதல் கேள்வியிலேயே நின்றால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க உதவுங்கள், அல்லது கணக்கை நீங்கள் வாசித்துச் சொல்லி அதன் கணக்குத் திறனைத் தனியாகப் பாருங்கள்.

மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு என்று சொல்லை மட்டும் பார்த்துப் போடும் பழக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு: "ராணியிடம் 12 மிட்டாய் இருக்கிறது. அது முருகனிடம் இருப்பதைவிட 5 அதிகம். முருகனிடம் எத்தனை?" 17 என்று வந்தால் அதிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டியிருக்கிறது. கொட்டையை வைத்துக் கதையை நடத்திக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் 7-க்குத் தானே வந்துவிடும்.

நீங்கள் பேச வேண்டியதும் பேசக் கூடாததும்

சோதிக்கும்போது சொல்லித்தராதீர்கள். ஆசிரியர்களுக்கு இதுதான் மிகவும் கடினம், கை துறுதுறுக்கும். சொல்லித்தந்துவிட்டால் பிள்ளை எங்கே நின்றது என்பது மறைந்துபோகும். சரி, தப்பு இரண்டையும் வாயால் சொல்ல வேண்டாம், முகத்தாலும் சொல்ல வேண்டாம். சரியான விடைக்கும் தப்பான விடைக்கும் ஒரே குரலில் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால் இரண்டாவது கணக்கிலேயே பிள்ளை புரிந்துகொள்ளும். நீங்கள் கேட்ட உடனே விடையை அடித்து மாற்றும்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். "தெரியல" என்று சொன்னால் "குச்சி வச்சுப் பார்க்கலாமா?" என்று ஒரு முறை கேட்கலாம். குச்சியால் வந்தது என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்து மூன்று கணக்கு வரவில்லையா, நிறுத்துங்கள். கண்டிப்பாக வரும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, அது முடிந்ததும் எழுப்பி அனுப்புங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் சின்னப் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது.

குறிப்பு எழுதுவது

பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"3-ஆம் வகுப்பு. 43 − 17 = 34. 'ஏழுல மூணு போனா நாலு.' 50 − 26 = 36, அதே விதி. 24 குச்சியில் 2-க்கு இரண்டு குச்சி காட்டினாள். 8 + 5 மனசுல எட்டு வைத்துப் போட்டாள். 93 வரை தடையில்லை. நூற்று ஐந்து: 1005. அடுத்து: கட்டு, உதிரி."

இதில் மதிப்பெண் இல்லை, ஆனால் நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. "கணக்கில் பலவீனம்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கற்றல் குறைபாடு என்ற சொல்லையும் ஒரு நாள் சோதனையை வைத்து எழுதக் கூடாது. மாதக்கணக்கில் நல்லபடி சொல்லித்தந்தும் சின்ன எண்களே பிடிபடாத பிள்ளையை அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் காட்டச் சொல்லலாம்.

வகுப்பில் முப்பது பேர் இருந்தால் எல்லோரோடும் இப்படி உட்கார முடியாதுதான். ஐந்து கணக்குள்ள துண்டுத் தாளை எல்லோருக்கும் கொடுங்கள்: ஒரு எண் எழுதுதல், ஒரு கூட்டல், 43 − 17, 50 − 26, ஒரு வாக்கியக் கணக்கு. விடைகளைச் சரி, தப்பு என்று பிரிக்காமல் 43 − 17-க்கு 34 எழுதியவர்கள், 36 எழுதியவர்கள் என்று அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஓரிருவரோடு மட்டும் உட்கார்ந்தால் போதும், தினம் மூன்று பேர் என்றால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். சரியாக எழுதியவர்களிலும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அவர்களில் ஒருவர் 43 கோடு கிழித்து 17-ஐ அடித்து மிச்சத்தை எண்ணியிருப்பார்.

பெற்றோரிடம் பேசும்போது முதலில் வருவதைச் சொல்லுங்கள். "தொண்ணூறு தாண்டி நல்லா எண்ணுறா. இப்போ பத்துப் பத்தா கட்டிப் பார்க்கப் பழகணும். வீட்டுல தீக்குச்சியோ ஈர்க்குச்சியோ கட்டி வச்சு விளையாடச் சொல்லுங்க" என்றால் அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் வேண்டாம். பிள்ளை தடுமாறுவதைப் படம் பிடித்துக் குழுவில் போடவும் வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து மறுபடி உட்காருங்கள். அதே கணக்கைக் கேட்டால் விடை நினைவில் இருக்கும், அதனால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். 62 − 38 பொருத்தமாக இருக்கும். 36 வந்தால் கட்டையும் உதிரியையும் மறுபடி கையில் எடுக்க வேண்டும். 34 வந்தால் பாதி வழி வந்துவிட்டது, 6-ஐ அடித்து 5 போடும் பழக்கம்தான் மீதி. 24 வந்தால், அப்போதும் அதே குரலில், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள்.